ஃபோல்ட்3: புரட்சிப் போர் பென்ஷன் கோப்புகளுக்காகச் சந்தா கட்டலாமா?

அமெரிக்கப் புரட்சிப் போரில் (1775–1783) மிலிஷியாவில் (உள்ளூர்க் குடிமக்கள் படையில்) இருந்த மூதாதையைத் தேடுவோருக்கு எல்லோரும் முதலில் கைகாட்டும் தளம் ஃபோல்ட்3. ஆன்செஸ்ட்ரி என்ற வம்சாவளி ஆய்வு நிறுவனத்துக்குச் சொந்தமானது, ராணுவ ஆவணங்களுக்கென்றே நடக்கிறது. இதிலுள்ள பென்ஷன் தொகுப்பு, அமெரிக்க தேசிய ஆவணக் காப்பகத்தின் எம்804 மைக்ரோஃபிலிமை ஸ்கேன் செய்தது: 2,670 சுருள்கள், ஏறத்தாழ 80,000 கோப்புகள். சரக்கு முதல் தரம். அதற்குக் காசு கொடுக்கத்தான் வேண்டுமா என்பது வேறு விஷயம்.

இதே கோப்புகளைத் தேசிய ஆவணக் காப்பகத்தின் இணையப் பட்டியலிலும், இலவசக் கணக்கு இருந்தால் ஃபேமிலிசர்ச் என்ற வம்சாவளித் தளத்திலும் ஒரு பைசா செலவில்லாமல் பார்க்கலாம். ஃபோல்ட்3-இல் நாம் காசு கொடுப்பது அடுக்கி வைத்திருக்கும் விதத்துக்கு. மாநிலம், முதலெழுத்து, பெயர், கோப்பு எண் என்று நாலு சொடுக்கில் கோப்புக்குள் போய்விடலாம். ஒரே குடும்பப் பெயரில் முப்பது பேர் இருந்தாலும் அடுத்தடுத்துத் திறந்து பார்த்துக் கழிக்கலாம். இங்கே மாநிலம் என்பது அவர் எந்த மாநிலத்துப் படையில் இருந்தாரோ அது, பிற்பாடு குடியிருந்த ஊர் அல்ல. வர்ஜீனியாப் படையில் இருந்து கென்டக்கியில் செத்தவரை கென்டக்கியில் தேடினால் கிடைக்கமாட்டார், வர்ஜீனியாவில் இருப்பார். பழைய மைக்ரோஃபிலிம் ஆதலால் பின்பக்க மை முன்பக்கத்தில் ஊறித் தெரியும் பக்கங்கள் உண்டு. எந்தத் தளத்தில் பார்த்தாலும் அந்தக் குறை தீராது.

மிலிஷியாக்காரரைத் தேடுபவர் சட்டங்களை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். 1818 மார்ச் 18 சட்டம் கான்டினென்டல் படையினருக்கு (மத்திய காங்கிரஸின் நிரந்தரப் படை, கடற்படை உட்பட) மட்டும், அதுவும் வறுமையில் இருந்தால். மிலிஷியாவில் மட்டும் இருந்தவருக்கு இந்தச் சட்டப்படி பென்ஷன் கிடைக்க வழியே இல்லை. அதே பெயரில் அப்படி ஒரு கோப்பு அகப்பட்டால் அநேகமாக அவர் வேறு ஆள். மிலிஷியாவுக்குக் கதவு திறந்தது 1832 ஜூன் 7-இல். மொத்தம் ஆறு மாதச் சேவை இருந்தால் போதும், வறுமையை நிரூபிக்க வேண்டியதில்லை. இரண்டு வருடம் சேவை செய்த சாதாரணக் காலாள் சிப்பாய்க்கு முழுச் சம்பளமாக ஆண்டுக்கு 80 டாலர், குறைந்தால் விகிதப்படி. அப்படியானால் ஏழு மாதக்காரருக்கு ஆண்டுக்கு 23.33 டாலர். கோப்பு உறையிலுள்ள தொகையை 80-ஆல் வகுத்து 24-ஆல் பெருக்குங்கள். எத்தனை மாதச் சேவையை அரசு ஒத்துக்கொண்டது என்று தெரிந்துவிடும். குதிரைப்படைக்கும் அதிகாரிகளுக்கும் விகிதம் அதிகம், அவர்களுக்கு இந்தக் கணக்கு செல்லாது.

கோப்பு எண்ணுக்கு முன்னால் வரும் எழுத்தைக் கவனியுங்கள். 'எஸ்' என்றால் சிப்பாய் பெயரில் உள்ள கோப்பு, 'டபிள்யூ' விதவையுடையது, 'ஆர்' நிராகரிக்கப்பட்டது. விதவைக்குப் பென்ஷன் கிடைத்திருந்தால் கணவர் கொடுத்த விண்ணப்பமும் 'டபிள்யூ' கோப்புக்குள்தான் கிடக்கும். 'ஆர்' என்றதும் ஏமாற்றுக்காரர் என்று முடிவுகட்டி மூடிவிடாதீர்கள். இரண்டிரண்டு மாதமாக இரு தடவை போனவர்கள் ஆறு மாதம் சேராமல் தள்ளுபடியானார்கள், அவ்வளவுதான். அவர்கள் வாக்குமூலமும் மற்றவர்களுடையதைப் போலவே விரிவாக இருக்கும்.

அந்த வாக்குமூலம்தான் கோப்பின் உயிர். எங்கே, எந்த வருடம் பிறந்தாய், வயதுக்கு ஆதாரம் உண்டா, அழைக்கப்பட்டபோது எங்கே இருந்தாய், தானாகப் போனாயா, கட்டாய ஆள்சேர்ப்பில் சீட்டு விழுந்ததா, இன்னொருவருக்குப் பதிலாளா, அதிகாரிகள் யார், விடுவிப்புச் சீட்டு வாங்கினாயா, உன்னை அறிந்த அண்டை அயலார் யார் என்று நீதிமன்றத்தில் கேட்டு எழுதினார்கள். பலருக்கு எழுபது தாண்டிவிட்ட வயது, நடந்து ஐம்பது வருடம் ஆயிற்று. வருடத்தை மாற்றிச் சொல்வார்கள், கேப்டன் பெயரைச் சரியாகச் சொல்வார்கள். வருடத்தைச் சண்டையை வைத்துச் சரிபாருங்கள்: கிங்ஸ் மவுண்டன் 1780 அக்டோபர் 7, கௌபென்ஸ் 1781 ஜனவரி 17, கில்ஃபோர்டு கோர்ட்ஹவுஸ் 1781 மார்ச் 15. எழுதிக்கொண்டவர் எழுத்தர் என்பதால் பெயரின் எழுத்துக்கூட்டு அவர் காதில் விழுந்தபடிதான். மூன்று நான்கு விதமாகத் தேடத்தான் வேண்டும். விதவைக் கோப்புகளில் சில சமயம் குடும்ப பைபிளிலிருந்து கிழித்த தாளே இருக்கும், பிறப்பும் திருமணமும் வரிசையாக எழுதி. அந்தத் தாள் ஒன்றுக்காகவே கடைசிப் பக்கம் வரை புரட்டலாம்.

தென் மாநிலங்கள் என்றால், சதர்ன் கேம்பெயின்ஸ் தளத்தை முதலில் பாருங்கள். தன்னார்வலர்கள் இந்தக் கோப்புகளைத் தட்டச்சுப் படிகளாக்கி இலவசமாகக் கொடுக்கிறார்கள். உங்கள் ஆளின் பெயரை விட்டுவிட்டு அவருடைய கேப்டன் பெயரைத் தேடுங்கள். அதே கம்பெனியில் இருந்த பக்கத்து வீட்டுக்காரர் கோப்பில் உங்கள் ஆள் சாட்சியாக நிற்பார். இந்த வசதிக்கு ஃபோல்ட்3-இன் பெயர்த் தேடல் ஈடாகாது.

ஆக, ஒரு கோப்பு போதுமென்றால் சந்தா வேண்டாம். ஒரே மாவட்டத்தின் பல குடும்பங்களைத் துருவுகிறீர்கள் என்றால் ஒரு மாதச் சந்தா கட்டி, வேண்டிய பக்கங்களை இறக்கிவைத்துக்கொண்டு நிறுத்திவிடுங்கள். அந்த மாதத்திலேயே ஃபோல்ட்3-இல் உள்ள 1818–1864 இறுதிப் பென்ஷன் ரசீதுகளின் அட்டவணையையும் பார்த்துவிடுங்கள். பென்ஷன் கோப்பில் இறந்த தேதி இல்லாமல் போவது சகஜம். அது இந்த ரசீதில் கிடைக்க வாய்ப்புண்டு.