மொழிபெயர்ப்பு வேலைக்கு லேப்டாப்பா, டெஸ்க்டாப்பா?

சேலத்தில் வீட்டிலிருந்தே மொழிபெயர்ப்பவர்கள் அதிகம் குழம்புவது இதில்தான்.

விலை: அதே வேகத்துக்கு டெஸ்க்டாப் மலிவு, ஆனால் மின்தடைக்குக் கைகொடுக்கும் யுபிஎஸ் செலவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். லேப்டாப்புக்கு அதன் பேட்டரியே போதும்.

உழைப்பு: டெஸ்க்டாப்பில் கெட்ட பாகத்தை மட்டும் மாற்றலாம். பல லேப்டாப்களில் ரேம் (வேலை நடக்கும்போது பயன்படும் நினைவகம்) போர்டோடு ஒட்டியே வருகிறது, பிறகு கூட்ட முடியாது. வாங்கும்போதே 16 ஜிபி கேளுங்கள்.

வசதி: மூலம் ஒரு பக்கம், தமிழ் ஒரு பக்கம் என்று நாள் முழுக்கப் பார்க்கும் கண்ணுக்குப் பெரிய திரை வேண்டும். 14 அங்குலத்தில் கழுத்து குனிந்தே கிடக்கும். எனக்கு இதுவே முதல் கணக்கு.

அஸ்தம்பட்டியில் ஒரே மேசையில் வேலை என்றால் டெஸ்க்டாப். ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவு ஏறி இறங்குபவருக்கு லேப்டாப். வீட்டில் 24 அங்குல மானிட்டரை இணைத்துக்கொள்ளுங்கள். மலையில் மழைக்கால ஈரம் அதிகம், பையில் சிலிக்கா ஜெல் பொட்டலம் இருக்கட்டும்.