எம்ஜிபியா, ஸ்பிட்ஃபயரா? பெங்களூரில் பழைய ஸ்போர்ட்ஸ் கார் தேடுகிறவர்களுக்கு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் வாங்கியது எம்ஜிபி. 1968 மாடல். அதனால் கீழே வருவதில் ஒரு பக்கச் சாய்வு இருக்கத்தான் செய்யும். ஆனால் அதற்கு முன் ட்ரையம்ப் ஸ்பிட்ஃபயர் ஒன்றையும் ஓட்டிப் பார்த்து, அடியில் படுத்துப் பார்த்து, அட்வான்ஸ் கொடுக்கும் நிலை வரை போனேன்.

எல்லோருக்கும் தெரிந்ததைச் சீக்கிரம் முடித்துவிடலாம். இரண்டும் 1962-இல் வந்து 1980-இல் நின்றுபோன இங்கிலாந்து வண்டிகள். இரண்டு சீட், துணிக்கூரை. எம்ஜிபியில் 1798 சிசி, சுமார் 95 குதிரைசக்தி. ஸ்பிட்ஃபயர் 1147 சிசியில் ஆரம்பித்து 1296, 1493 என்று வளர்ந்தது. சக்தி குறைவு, ஆனால் எடையும் குறைவு. மல்லேஸ்வரம் குறுக்குச் சந்துக்குள்ளும் சிரமமில்லாமல் யூ-டர்ன் போடலாம், அவ்வளவு சின்ன வட்டத்தில் திரும்பும். பானட் முழுசாக முன்பக்கம் சாய்ந்து திறக்கும். டயர் மேல் உட்கார்ந்துகொண்டே வேலை பார்க்கலாம். அழகிலும் ஸ்பிட்ஃபயருக்குத்தான் என் ஓட்டு. ஜியோவானி மிக்கெலோட்டி வரைந்தது, குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஆனால் நான் முடிவெடுத்தது இதையெல்லாம் வைத்து இல்லை. வண்டி நடுவழியில் நின்றால் யார் வந்து பார்ப்பார் என்பதை வைத்துத்தான்.

எம்ஜிபியில் இருப்பது பிஎம்சி என்ற பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷனின் பி சீரிஸ் இன்ஜின். அதே குடும்பத்தின் 1489 சிசி இன்ஜின்தான் 1990-களில் இசுசு இன்ஜின் வரும் வரை நம் பெட்ரோல் அம்பாசிடரை இழுத்தது. ஸ்ட்ரோக் (பிஸ்டன் மேலும் கீழும் போகும் தூரம்) இரண்டிலும் 88.9 மி.மீ.; போர்தான் (சிலிண்டரின் விட்டம்) அம்பாசிடரில் 73, எம்ஜிபியில் 80-க்குக் கொஞ்சம் மேல். இதனால் அம்பாசிடர் பிஸ்டனைப் போட்டு ஓட்டலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பாகங்கள் அப்படி மாறாது. மாறாமல் இருப்பது கைப்பழக்கம். ஹெட்டைக் கழற்றும் வரிசை, டேப்பெட் வைக்கும் விதம், எங்கே ஆயில் கசியும், எந்தக் கசிவுக்குப் பயப்பட வேண்டாம் என்பதெல்லாம் அம்பாசிடரில் வளர்ந்த மெக்கானிக்குக்கு அத்துப்படி. வில்சன் கார்டனில் பட்டறை வைத்திருக்கும் ஒரு கிருஷ்ணகிரிக்காரப் பெரியவரைக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். ராக்கர் கவரைத் திறந்து எட்டிப் பார்த்தவர், "நம்ம அம்பாசிடர் இன்ஜின்தான் தம்பி, கொஞ்சம் சதை போட்டிருக்கு" என்றார். எனக்கு அங்கேயே பாதி முடிவாகிவிட்டது.

சரி, ஸ்பிட்ஃபயருக்கும் ஒரு இந்திய உறவு உண்டே என்று கேட்பீர்கள். உண்டு, அதுவும் நம்ம ஊர் உறவு. மெட்ராஸில் ஸ்டாண்டர்ட் மோட்டார் ப்ராடக்ட்ஸ் 1961 முதல் தயாரித்த ஹெரால்டு காரின் சேஸிஸை, அதாவது அடிச்சட்டத்தை, சுருக்கித்தான் இங்கிலாந்தில் ஸ்பிட்ஃபயர் செய்தார்கள். இன்ஜினும் ஹெரால்டின் 948 சிசி இன்ஜின் வம்சம்தான். ஆனால் ஹெரால்டு, பிறகு கெஸல் என்று பெயர் மாறி, 1970-களோடு முடிந்துபோனது. அம்பாசிடரோ 2014 வரை தொழிற்சாலையிலிருந்து வந்துகொண்டிருந்தது. ஹெரால்டில் கை வைத்த தலைமுறை ஓய்வு பெற்றுவிட்டது, பெங்களூரில் நான் விசாரித்த இடங்களில் எல்லாம் "எங்கப்பா பார்ப்பார், அவர் இருந்தா..." என்றுதான் பதில் வந்தது. மெட்ராஸ் வண்டி என்ற பாசம் எனக்கும் உண்டு. பாசத்துக்கு ஸ்பேனர் பிடிக்கத் தெரியாதே.

ஏன் இதை இவ்வளவு இழுக்கிறேன் என்றால், ஸ்பிட்ஃபயர் தெரிந்த கையைக் கேட்கிற வண்டி. முன்சக்கரத்தைத் தாங்கும் ட்ரனியனில் கிரீஸ் அடிக்கக் கூடாது, கியர் ஆயில்தான் விட வேண்டும். சர்வீஸுக்கு விட்ட இடத்தில் பையன் பழக்கதோஷத்தில் கிரீஸ் அடித்துக்கொண்டே இருந்தால் உள்ளே மரை தேய்ந்து, துருப்பிடித்து, ஒரு நாள் அந்த இணைப்பு உடைந்து சக்கரம் மடங்கிவிடும். அடுத்தது கிராங்க் த்ரஸ்ட் வாஷர், அதாவது இன்ஜினின் கிராங்க் ஷாஃப்ட் முன்னும் பின்னும் நகராமல் தடுக்கும் வளையம். பார்க்கப் போகும்போது இதைச் செய்யுங்கள்: ஒருவர் கிளட்சை மிதிக்கட்டும், நீங்கள் கிராங்க் புல்லியைப் பாருங்கள். கண்ணுக்குத் தெரிகிற மாதிரி முன்னும் பின்னும் நகர்ந்தால் அந்த வண்டியை விட்டுவிடலாம். வாஷர் கழன்று விழுந்து பிளாக்கையே தின்றுவிட்ட கதைகள் உண்டு. மூன்றாவது, பழைய மாடல்களின் பின் சஸ்பென்ஷன். வளைவில் வேகமாகப் போய்த் திடீரென்று ஆக்சிலரேட்டரை விட்டால் பின்சக்கரம் உள்பக்கம் மடங்கி வண்டி சுழலப் பார்க்கும். 1970-இல் வந்த நான்காம் பதிப்பான மார்க் 4-இல் இதைப் பெருமளவு சரிசெய்துவிட்டார்கள். நான் பார்த்தது மார்க் 3. நந்தி மலை வளைவுகளை நினைத்தபோது கொஞ்சம் யோசனையாக இருந்தது.

நியாயமாகச் சொன்னால், ஸ்பிட்ஃபயரைச் சொந்தமாக வைத்து ஒரு மழைக்காலம்கூட நான் ஓட்டியதில்லை. ஒழுங்காகப் பராமரித்தால் ஒரு தொந்தரவும் இல்லை என்று சத்தியம் செய்கிற நண்பர் ஒருவர் இருக்கிறார். அவர் தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்கிறவர் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

எம்ஜிபியில் பயப்பட வேண்டிய விஷயம் துரு. இதற்குத் தனி சேஸிஸ் கிடையாது, பாடிதான் எல்லாச் சுமையையும் தாங்குகிறது. கதவுக்குக் கீழே ஓடும் சில் பகுதிதான் முதுகெலும்பு. அது அடுக்கடுக்கான தகடு. உள்ளே அழுகியிருந்தாலும் வெளியே பட்டி தடவி, பெயின்ட் அடித்து, பளபளவென்று நிறுத்திவிடுவார்கள். காந்தம் ஒன்று கையில் எடுத்துப் போங்கள், ஒட்டாத இடமெல்லாம் பட்டி. அதோடு விடாதீர்கள். கதவைச் சாத்திய நிலையில் பின்பக்கம் ஜாக்கி போட்டுத் தூக்கச் சொல்லுங்கள். கதவின் இடைவெளி மேலே குறுகினாலோ, கதவு திறக்க அடம்பிடித்தாலோ சில் போய்விட்டது என்று அர்த்தம். வாங்குகிறவர் ஜாக்கி கேட்டால் விற்கிறவர் முகம் எப்படி மாறுகிறது என்பதும் ஒரு பரிசோதனைதான். சில்லை வெட்டி மாற்றும்போது பாடிக்கு முட்டுக் கொடுக்காமல் வெட்டினால் வண்டி வளைந்துவிடும். சாதாரண டிங்கரிங் கடையில் கொடுக்கிற வேலை இல்லை.

சீட்டுக்குப் பின்னால் பேட்டரி இருக்கும் பெட்டியையும் திறந்து பாருங்கள். ஆசிட் சிந்தி ஓட்டை விழுந்திருக்கும்.

ஸ்பிட்ஃபயருக்குத் தனி சேஸிஸ் இருப்பதால் துரு பற்றிக் கவலை வேண்டாம் என்று சொல்கிறவர்கள் பாதி உண்மையைச் சொல்கிறார்கள். ஹெரால்டு சேஸிஸைச் சுருக்கியபோது பக்கவாட்டுச் சட்டங்களை எடுத்துவிட்டார்கள். அங்கே பலம் கொடுப்பது சில்தான். ஆகவே இந்த விஷயத்தில் ஸ்பிட்ஃபயருக்கு நான் நினைத்த அளவு மதிப்பெண் போட முடியவில்லை. இரண்டிலுமே மும்பை, சென்னை என்று கடலோரத்தில் கிடந்த வண்டியைவிட பெங்களூரிலேயே இருந்த வண்டி மேல். இன்னொன்று: சமவெளியில் கார்புரேட்டர் ட்யூன் செய்த வண்டி, 900 மீட்டருக்கு மேல் இருக்கும் இந்த ஊரில் கொஞ்சம் பெட்ரோல் அதிகமாகக் குடித்து பிளக்கைக் கறுப்பாக்கும். அதைப் பார்த்து இன்ஜின் போச்சு என்று முடிவு கட்ட வேண்டாம். கம்ப்ரஷன் பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் இரண்டுக்கும் பொதுவான எதிரி. பழைய ரப்பர் ஹோஸ், கார்புரேட்டர் சீல் எல்லாம் ஊறி, வெடித்து, ஒழுகும். வாங்கின முதல் வாரமே எல்லாவற்றையும் எத்தனால் தாங்கும் ரகத்துக்கு மாற்றிவிடுங்கள். ஸ்பேர் இரண்டுக்கும் இங்கிலாந்திலிருந்து வாங்கலாம், கஸ்டம்ஸ் வரிதான் வயிற்றைக் கலக்கும்.

பேப்பர் விஷயத்தில், ஆர்சியில் இருக்கும் சேஸிஸ் எண், இன்ஜின் எண் இரண்டையும் வண்டியில் இருப்பதோடு நீங்களே ஒப்பிட்டுப் பாருங்கள், ஜெராக்ஸை நம்பாதீர்கள். எம்ஜிபியின் எண் ஜிஎச்என்3 என்று ஆரம்பித்தால் முதல் வரிசை. ஜிஎச்என்4 என்றால் 1967 கடைசியில் வந்த மார்க் 2, எல்லாக் கியருக்கும் சிங்க்ரோமெஷ் (கியர் உரசாமல் விழ வைக்கும் அமைப்பு) உள்ளது. அதற்குப் பக்கத்தில் யூ என்ற எழுத்து இருந்தால் அமெரிக்காவுக்குப் போன வண்டி. ஸ்டியரிங்கை வலப்பக்கம் மாற்றியவர் யார், எப்படி மாற்றினார் என்று கேளுங்கள். 50 வருடம் தாண்டிய வண்டிகளுக்கு 2021-இல் வந்த 'விஏ' பதிவு கௌரவமானது, ஆனால் தினசரி ஓட்டத்துக்கு அனுமதி கிடையாது. ஞாயிற்றுக்கிழமை காபி குடிக்க பசவனகுடி போக ஆசைப்படுகிறவர்கள் பழைய ஆர்சியையே புதுப்பித்துக்கொள்வது நல்லது.

மெக்கானிக்கை வைத்துத்தான் நான் முடிவெடுத்தேன் என்பதால், உங்கள் மெக்கானிக் வேறு என்றால் முடிவும் வேறாகலாம். ஓசூரிலோ கோயம்புத்தூரிலோ ஹெரால்டு பட்டறைக்காரர் ஒருவர் இன்னும் வேலை பார்க்கிறார், உங்களுக்குப் பழக்கம் என்றால் ஸ்பிட்ஃபயரையே பாருங்கள். மார்க் 4-ஆகத் தேடுங்கள், ட்ரனியனுக்கு ஆயில் விடுவதை மட்டும் அவரிடமே விட்டுவிடுங்கள்.