முந்தானையைத் திருப்பிப் பார்க்கும் பழக்கம்: ஆஸ்திரேலிய உடைகளோடு 11 வருடம்

2014 ஜனவரியில் சிட்னிக்கு வந்த எனக்கு வேலை கிடைக்க மூன்று மாதம் ஆனது. அந்த மூன்று மாதமும் பகலெல்லாம் எங்கள் பகுதி நூலகத்தில்தான். ஏசி இருக்கும், குடிக்கத் தண்ணீர் இருக்கும், பத்திரிகைகள் இருக்கும். வோக் ஆஸ்திரேலியா, ஹார்ப்பர்ஸ் பஜார், ஃபிராங்கி, ரஷ் என்று அடுக்கில் கிடந்த பழைய இதழ்களை ஒன்று விடாமல் புரட்டினேன். ஊரில் நான் பார்த்த ஃபேஷன் பத்திரிகைகளில் பெண்கள் பளிங்கு மாளிகைக்குள் நிற்பார்கள். இங்கே உச்சி வெயிலில், உப்புக் காற்றில் கலைந்த முடியோடு, வெறுங்காலோடு, கசங்கிய லினன் கவுனில் கடற்பாறை மேல் உட்கார்ந்திருந்தார்கள். கசங்கிய துணியை அப்படியே படம் எடுத்துப் போடுவார்களா என்று எனக்கு ஒரே ஆச்சரியம்.

அந்தப் படங்களில் பார்த்த பெயர்களை அப்புறம் ஒவ்வொன்றாகத் தேடிப் போனேன். இந்த 11 வருடத்தில் ஆஸ்திரேலிய வடிவமைப்பாளர்களின் உடைகளும் காலணிகளுமாக ஏறக்குறைய 30 வாங்கியிருப்பேன். புதிதாக வாங்கியது ஏழெட்டுதான். மற்றவை ஆப் ஷாப் என்று இங்கே சொல்லும் தொண்டு நிறுவனங்களின் பழைய துணிக் கடைகளில் எடுத்தவை. இன்றைக்கும் உடுத்துவது 12. எது நின்றது, எது போனது, ஏன் போனது என்பதை எழுதுகிறேன். வாங்கின வாரத்தில் எழுதும் விமர்சனங்கள் நிறையக் கிடைக்கின்றன. ஐந்தாறு கோடை தாண்டி யாராவது எழுதியிருக்கிறார்களா என்று நான் தேடியபோது எனக்குக் கிடைக்கவில்லை.

முதலில் பருவக் கணக்கு. இங்கே டிசம்பர் கோடை, ஜூலை குளிர். வோக் ஆஸ்திரேலியா 1959-இலிருந்து வருகிறது. அதன் செப்டம்பர் இதழைத் திறந்தால் வசந்தம். அதே மாதம் வடக்கு நாடுகளின் இதழ்களில் கம்பளிக் கோட்டு. வெளிநாட்டு இதழைப் பார்த்து இங்கே உடை வாங்கினால் ஆறு மாதம் அலமாரியில்தான் தொங்கும். நான் அப்படி ஒரு கோட்டு வாங்கியிருக்கிறேன். 1996-இல் தொடங்கிய ஆஸ்திரேலியன் ஃபேஷன் வீக் என்ற உடைக் காட்சி இப்போது மே மாதம் நடக்கிறது. 2016-இலிருந்து அதில் 'ரிசார்ட்' தொகுப்புகளைக் காட்டத் தொடங்கினார்கள். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் குளிர்காலத்தில் வெயில் தேடி விடுமுறைக்குப் போகிறவர்கள் உடுத்துவதுதான் ரிசார்ட். அது கடைக்கு வரும் நேரமும் இங்கே கோடை தொடங்கும் நேரமும் ஒன்று. அதனால் ஒரே உடையை இரண்டு பக்கமும் விற்க முடிகிறது. பத்திரிகையில் அந்தக் கடற்பாறைக் கவுன்கள் ஏன் அவ்வளவு வருகின்றன என்பது இது தெரிந்த பிறகுதான் எனக்குப் புரிந்தது.

பத்திரிகை வாசிக்க ஒரு சின்ன யோசனை. படத்தின் ஓரத்தில் பொடி எழுத்தில் பெயரும் விலையும் இருக்கும். துணி என்ன என்று பெரும்பாலும் இருக்காது. நான் படத்தைப் பார்த்ததும் கடைக்குப் போய், உடையின் உள்பக்கத்தைப் புரட்டி, சீட்டில் இருக்கும் துணிப் பெயரை ஒரு நோட்டில் எழுதி வைப்பேன். அம்மா காஞ்சிபுரத்தில் பட்டு எடுக்கும்போது முதலில் முந்தானையைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்ப்பார். முன்பக்கம் யார் வேண்டுமானாலும் அழகாகக் காட்டலாம் என்பார். அதே பழக்கம்தான் இங்கேயும் எனக்குப் பணம் மிச்சம் பிடித்துக் கொடுத்தது.

ஸிமர்மன் உடையில் அதை நன்றாகவே பார்த்தேன். நிக்கி, சிமோன் என்ற அக்கா தங்கை நடத்திய நிறுவனம் அது. 1991-இல் சிட்னியில் தொடங்கியது. ஆரம்பத்தில் நிக்கி பாடிங்டன் சந்தையில் கடை போட்டு விற்றவர். 2023-இல் அட்வென்ட் என்ற முதலீட்டு நிறுவனம் பெரும்பங்கை வாங்கியது. புதுக் கவுன் 1,000 டாலருக்கு மேல் போகும், அது எனக்கு ஆகாது. 2016-இல் ஒரு பழைய துணிக் கடையில் அவர்களுடைய வெள்ளைக் கவுன் ஒன்று 90 டாலருக்குக் கிடைத்தது. உள்ளே திருப்பிப் பார்த்தேன். துணியின் வெட்டு விளிம்பு எங்குமே வெளியே தெரியவில்லை. இரண்டு முறை மடித்து உள்ளே மறைத்துத் தைத்திருந்தார்கள். பொத்தான்களுக்கு அதே துணியைச் சுற்றி, அதே துணியில் வளையம் செய்திருந்தார்கள். ஒன்பது கோடையாக ஒரு பொத்தான் கூட விழவில்லை. அளவு மட்டும் 0, 1, 2, 3 என்று தனிக் கணக்கு, கையில் எடுத்துப் போட்டுப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். இதை நான் இயந்திரத்தில் போடுவதில்லை. வாளியில் தண்ணீர் பிடித்து, அழுத்தாமல் அலசி, துண்டில் சுருட்டி ஈரம் எடுப்பேன்.

காலணிக்கு வருகிறேன். இந்தக் கட்டுரையே அதற்காகத்தான் என்று சொன்னாலும் சரி. ஆர். எம். வில்லியம்ஸ் பூட்ஸ். ரெஜினால்ட் மர்ரே வில்லியம்ஸ் என்பவர் ஃபிளிண்டர்ஸ் மலைப் பகுதியில் இருந்தபோது டாலர் மிக் என்ற குதிரைக்காரரிடம் தோல் வேலை கற்றுக்கொண்டார். 1932-இல் அடிலெய்டில், தன் அப்பா வீட்டுக் கொட்டகையில் தொழில் தொடங்கினார். கால்நடைப் பண்ணையில் வேலை செய்கிறவர்களுக்காகச் செய்த பூட்ஸ் இன்றைக்கு சிட்னி நகரத்து வங்கி அலுவலகங்களில் நடக்கிறது, பத்திரிகைப் படங்களில் பட்டுக் கவுனுக்குக் கீழேயும் நிற்கிறது.

அதன் விசேஷம் மேல்தோல். பூட்ஸின் மேல்பகுதி முழுவதும் ஒரே துண்டுத் தோல். முன்னால், பக்கத்தில் எங்குமே ஒட்டுத் தையல் கிடையாது. குதிகாலுக்குப் பின்னால் மட்டும் ஒரே ஒரு தையல். தண்ணீர் புகுந்தால் தையல் வழியாகத்தான் புகும், பிய்ந்தாலும் அங்கேதான் பிய்யும். தையல் குறைந்தால் இரண்டும் குறைகிறது. பக்கவாட்டில் எலாஸ்டிக், மேலே இழுத்துப் போட இரண்டு துணி வார். அடிப்பாகம் ஒரு தோல் பட்டையோடு சேர்த்துத் தைத்தது. ஆகவே தேய்ந்தால் தையலைப் பிரித்து அடியை மட்டும் மாற்றலாம்.

இன்றைய விலை 600 டாலருக்கு மேல். நான் 2015-இல், முதல் வேலையில் சேர்ந்து ஒரு வருடம் முடிந்த மாதம், புதிதாகவே வாங்கினேன். கை நடுங்கியது, உண்மையாகவே. வாரம் நான்கு நாள் ரயில், பேருந்து, அலுவலகம் என்று நடந்து 2020-இல் முதல் முறை அடி மாற்றினேன். புதியதன் விலையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஆனது. திரும்பி வந்த பூட்ஸை மேசை மேல் வைத்து ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அடி புதிது, மேல்தோலில் என் கட்டைவிரல் மடங்கும் இடத்தில் விழுந்த மூன்று கோடுகள் அப்படியே இருந்தன. மாதம் ஒரு முறை ஈரத்துணியால் தூசி துடைத்து, தோல் க்ரீம் தடவி, இரவு முழுக்க நிழலில் வைப்பேன். பராமரிப்பு அவ்வளவுதான். நாள் கணக்குப் போட்டுப் பார்த்தால் இதைவிட மலிவாக நான் எதையும் அணிந்ததில்லை.

போனதைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2017-இல் ஒரு இதழில் இரண்டு பக்கம் நிறைய வந்த ஒரு நீளக் கவுன். நிறுவனத்தின் பெயர் வேண்டாம். 380 டாலர். அன்றைக்கு அவசரத்தில் உள்பக்கம் பார்க்காமல் வாங்கிவிட்டேன். விஸ்கோஸ் துணி. மரக்கூழிலிருந்து எடுக்கும் இழை அது. உடுத்த ஜில்லென்று இருக்கும், ஆனால் நனைந்தால் பலம் குறையும், தண்ணீர் குடித்து ஊதி, காயும்போது சுருங்கும். சீட்டில் போட்டிருந்தபடியே குளிர்ந்த நீரில் கையால் அலசினேன். இரண்டாவது அலசலில் நான்கு விரல் அளவு மேலே ஏறிவிட்டது, அதுவும் ஒரு பக்கம் மட்டும். கடையில், 'நீங்கள் துவைத்த விதம் சரியில்லை' என்றார்கள். இங்கே துணியில் பராமரிப்புக் குறிப்பு போடுவது சட்டப்படி கட்டாயம். அந்தக் குறிப்பின்படி நடந்தும் பொருள் கெட்டால் நுகர்வோர் சட்டத்தில் நமக்கு வழி இருக்கிறது. சீட்டின் படம், கவுனின் படம், ரசீது மூன்றையும் வைத்துக் கடிதம் எழுதினேன். ஆறு வாரம் கழித்துப் பணம் வந்தது. ரசீதைத் தூக்கிப் போடாதீர்கள், தயவு செய்து.

வெயிலைப் பற்றி யாரும் எச்சரிப்பதில்லை. இங்கே புற ஊதாக் கதிர் மிகக் கடுமை. துணி எவ்வளவு கதிரைத் தடுக்கிறது என்று அளக்கும் தரநிலையை உலகில் முதலில் கொண்டுவந்ததே ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும்தான், 1996-இல். அந்த வெயில் தோலை என்ன செய்யுமோ அதையே சாயத்துக்கும் செய்யும். கொல்லையில் சுற்றும் ஹில்ஸ் ஹாய்ஸ்ட் கம்பிக் கொடியில் என் கருநீல லினன் சட்டையை ஒரு கோடை முழுக்க நேராகக் காயப்போட்டேன். தோள் இரண்டும் சாம்பல் நிறமாகிவிட்டன. இப்போது எல்லாமே உள்பக்கம் வெளியே திருப்பி, நிழலில்தான்.

கம்பளியை அடிக்கடி துவைத்துக் காயப்போட வேண்டியதில்லை, அதனால் அந்தத் தொல்லை குறைவு. மெரினோ ஆட்டுக் கம்பளியில் 18 மைக்ரான் (ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்தால் ஒன்று ஒரு மைக்ரான்) தடிமனுள்ள இழை என்றால் வெறும் தோலிலும் குத்தாது. ஒவ்வொரு முறையும் துவைக்க வேண்டாம், ஒரு ராத்திரி காற்றாட விட்டால் வாடை போய்விடும். எதிரி பூச்சி ஒன்றுதான். வேப்பிலைக் கொத்து வைத்துப் பார்த்தேன், ஓட்டை விழுந்த பிறகு இறுக மூடும் பைக்கு மாறிவிட்டேன். 1982-இல் இளவரசி டயானா, ஆஸ்திரேலிய வடிவமைப்பாளர் ஜென்னி கீயின் கோலா போட்ட கம்பளி ஸ்வெட்டரை அணிந்தார். அந்த மாதிரி கையால் பின்னிய, மரமும் விலங்கும் போட்ட ஸ்வெட்டர்கள் இன்னும் பழைய துணிக் கடைகளில் கிடைக்கின்றன. பின்பக்கம் நூல்கள் தளர்வில்லாமல் ஓடியிருந்தால் யோசிக்காமல் எடுங்கள்.

என் அலமாரியில் எனக்கு மிகவும் பிடித்தது ஒரு பாவாடை. ஈஸ்டன் பியர்சன், பிரிஸ்பேன். பமீலா ஈஸ்டன், லிடியா பியர்சன் இருவரும் 1989-இல் தொடங்கி 2016-இல் நிறுத்திவிட்டார்கள். இந்தியக் கைவினைஞர்களோடு பல வருடம் சேர்ந்து வேலை செய்தவர்கள். 2018-இல் பிரிஸ்பேன் போனபோது ஒரு தேவாலயத்துக் கடையில், திரைச்சீலைகளுக்கு நடுவில் இது தொங்கியது; 35 டாலர். துருப்பிடித்த மண் நிறப் பருத்தி, மேலே ஒழுங்கில்லாத வட்டங்கள். கடையிலேயே திருப்பினேன். முன்பக்கம் சங்கிலித் தையல், பின்பக்கம் ஒரே கோடாக ஓடும் நூல். ஆரி ஒர்க்! எங்கள் தெருவில் கல்யாண ஜாக்கெட்டுக்குக் கட்டிலில் துணி இழுத்துக் கட்டிப் போடும் அதே ஊசி வேலை. ஆனால் ஜரிகை இல்லை, கல் இல்லை, மயில் இல்லை. தெரிந்த கையெழுத்தில் தெரியாத மொழியைப் படித்த மாதிரி இருந்தது. அவர்களுடைய உடைகள் மூவாயிரத்துக்கு மேல் இப்போது மியூசியம் ஆஃப் பிரிஸ்பேன் காப்பகத்தில் இருக்கின்றன. பத்திரிகையில் ஒரு பக்கம் வந்து போகிற உடையை இப்படிப் பாதுகாக்கிறார்களே என்று எனக்கு மனம் நிறைந்தது.

அந்தப் பாவாடைக்குப் பிறகு, செய்த கை யாருடையது என்று கேட்காமல் வாங்க மனம் வரவில்லை. மெல்பர்ன் நிறுவனமான கோர்மன் 2019-இல் ஃபிட்ஸ்ராய் கிராசிங்கின் மங்கஜா கலை மையத்துப் பூர்வகுடி ஓவியர்களோடு சேர்ந்து ஒரு தொகுப்பு வெளியிட்டது. அதைப் படித்ததிலிருந்து பூர்வகுடி ஓவியம் அச்சிட்ட துணி எதுவானாலும் ஓவியரின் பெயரும் ஊரும் சொல்லப்பட்டிருக்கிறதா என்று பார்க்கிறேன், இல்லையென்றால் எடுப்பதில்லை. 2023 ஃபேஷன் வீக்கில் விராட்ஜுரி இனத்தைச் சேர்ந்த டெனி ஃபிரான்சிஸ்கோவின் நங்காலி, அங்கே தனியாக உடைக் காட்சி நடத்திய முதல் பூர்வகுடி நிறுவனம் ஆனது. பத்திரிகைகள் இதில் மெதுவாகத்தான் நகர்ந்தன. வோக் ஆஸ்திரேலியா அட்டையில் 1993-இல் எலேன் ஜார்ஜ் வந்தார். அடுத்த பூர்வகுடிப் பெண்ணாக சமந்தா ஹாரிஸ் வர 2010 ஆனது. அந்த 17 வருட இடைவெளியை என்னால் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

பத்திரிகைகளும் நிலையானவை இல்லை. 2020 ஜூலையில் ஹார்ப்பர்ஸ் பஜார், எல், இன்ஸ்டைல் மூன்றின் ஆஸ்திரேலியப் பதிப்பையும் ஒரே நாளில் மூடுவதாக அறிவித்தார்கள். பஜார் மறுவருடமே வேறு நிறுவனத்தின் கையில் திரும்பி வந்தது. வடிவமைப்பாளர்கள் கதையும் அப்படியே: 2009-இல் தொடங்கி நியூயார்க் வரை போன டியன் லீ நிறுவனம் 2024 மே மாதம், நொடிந்த நிறுவனங்களைப் பொறுப்பேற்கும் நிர்வாகிகள் கைக்குப் போனது. ஆகவே நிறுவனமே இல்லாமல் போனாலும் என் தையற்காரர் பிரித்துச் சரிசெய்யக்கூடிய உடையா என்று இப்போது முதலில் பார்க்கிறேன். தையலுக்கு உள்ளே அரை அங்குலமாவது துணி விட்டிருந்தால் வாங்கலாம்.

வரும் சனிக்கிழமை பூட்ஸை இரண்டாவது முறை அடி மாற்றக் கொடுக்கிறேன். எலாஸ்டிக்கும் தளர்ந்திருக்கிறது, அதையும் சேர்த்து மாற்றச் சொல்ல வேண்டும். அது திரும்பி வரும் வரைக்கும் அந்தப் பாவாடைக்குக் கீழே சாதாரண செருப்புதான்.