பிளான் பாஸ் பண்ண ஆரிட்டக் குடுக்கிறது: டிராஃப்ட்ஸ்மனா, ஆர்க்கிடெக்டா, கொன்ட்ரக்டரா, இல்லாட்டி நாங்களே அலையிறதா?

எங்கட சொந்தத்துக்குள்ள கடைசி அஞ்சாறு வருசத்தில நாலு வீடு எழும்பிட்டுது, நாலுக்கும் நாலு விதமாத்தான் பிளான் பாஸ் பண்ணினது, அதால ஆராவது கொழும்பில வீடு கட்டப் போறம் எண்டா முதல் கோல் எனக்குத்தான் வரும். எல்லாருக்கும் ஒரே கேள்வி, ஆரிட்டக் குடுத்தா கெதியா முடியும், எவ்வளவு கேப்பினம். பெர்மிட் கையில வந்தா வேலை முடிஞ்சுது எண்டு நினைக்கிற ஆக்கள்தான் இப்பிடிக் கேக்கிறது. கட்டி முடிச்ச பிறகு சீ.ஓ.சீ எண்டு ஒண்டு இருக்கு, கட்டினது பாஸ் பண்ணின பிளானோட ஒத்துப்போகுது எண்டு சபை தாற சேர்ட்டிபிகேட், அது இல்லாம குடிபோறதே சட்டப்படி சரியில்ல, வீட்டை விக்கப் போனாலும் அதைத்தான் முதல் கேப்பினம். அதால நான் இஞ்ச பாக்கிறது ஆர் மலிவு எண்டு இல்ல, சீ.ஓ.சீ வரைக்கும் ஆர் எங்களோட நிப்பினம் எண்டதைத்தான்.

ஒரு விசயம் முதல்லயே சொல்லிடுறன், ஆரிட்டக் குடுத்தாலும் சட்டம் ஒண்டுதான். 1978-ம் ஆண்டின் 41-ம் இலக்க நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டம், அதுக்குக் கீழ 2021-ல வந்த புது விதிமுறைகள். கந்தோர்தான் மாறும். வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை எண்டா கொழும்பு மாநகர சபை, அதாவது டவுன் ஹோல், கொஞ்சம் தள்ளி தெஹிவளைக்குள்ள போயிட்டீங்கள் எண்டா தெஹிவளை கல்கிசை மாநகர சபை. பெரிய கட்டடங்கள் பத்தரமுல்லைக்கு, யூ.டி.ஏ எண்ட நகர அபிவிருத்தி அதிகார சபைக்கே போகும், எங்கட மாதிரி ரெண்டு மாடி வீடுகள் சபையோட முடியும்.

சரி, என்ர கதை. எட்டு பேர்ச் காணி, ரெண்டு மாடி, நான் குடுத்தது ஒரு டிராஃப்ட்ஸ்மனிட்ட, அதாவது பிளான் கீறுற ஆளிட்ட. நாலு வழியிலயும் காசு குறைஞ்சது அதுதான், ஆள் நல்லவர், கூப்பிட்டா வருவார், எங்கட அம்மாவுக்கு சாமி அறை எந்தப் பக்கம் வேணும் எண்டதைக் கூட மூண்டு தரம் மாத்திக் கீறித் தந்தவர். ஆனா படம் கீறுறது வேற, விதிமுறை தெரிஞ்சு கீறுறது வேற. மேல் மாடியில பின்பக்கம் ஒரு பல்கனி வடிவா வந்திருந்தது, நாங்களும் சந்தோசப்பட்டம், பிளான் திரும்பி வந்திட்டுது. பின்பக்கம் 2.3 மீட்டர், அதாவது ஏழரை அடி, நிலத்தில இருந்து வானம் வரைக்கும் வெளியா இருக்கோணும், பல்கனி அதுக்குள்ள நீட்டிக்கொண்டு நிக்குது. அதோட எல்லையில எழுப்பின சுவரில ஒரு ஜன்னல், அதுவும் ஏலாது. ரெண்டையும் எடுத்துப்போட்டுத் திருப்பிக் கீறி, திருப்பிக் கையெழுத்து வாங்கி, திருப்பிக் குடுத்து, அதுக்குள்ள மேசன் வேற வீட்டு வேலைக்குப் போயிட்டார்.

இன்னொண்டு, மலிவு எண்டு சொன்னாலும் டிராஃப்ட்ஸ்மனோட கணக்கு முடியாது. ஸ்ட்ரக்சர் பாக்க சார்ட்டட் எஞ்சினியர் ஒருத்தற்ற கையெழுத்து தேவைப்பட்டது, சேர்வே பிளான் பழசு எண்டு சேர்வேயரிட்டயும் ஓடினது, எல்லாருக்கும் தனித்தனியாக் காசு. அதையும் சேத்துப் பாத்தா மலிவுதான், ஆனா அவர் முதல் நாள் சொன்ன தொகை இல்ல. சீ.ஓ.சீ-க்கு மனிசன் வந்து நிண்டார், அதுக்காகவே அவரை நான் இப்பவும் ஆக்களுக்குச் சொல்லுறனான், பல்கனியை மட்டும் வேற ஆளிட்டக் காட்டுங்கோ எண்டு சேத்து.

ஆர்க்கிடெக்ட் வழி மச்சான் போனது. கட்டுமானச் செலவில இத்தனை வீதம் எண்டு ஃபீஸ் பேசுவினம், கேட்ட உடன எங்கட ஆக்களுக்கு நெஞ்சு இடிக்கும், அந்தக் காசுக்கு மேல ஒரு அறை கட்டலாமே எண்டு மாமி நேராவே கேட்டவ. ஆனா மச்சான்ர காணி காலி வீதிக்குக் கடல் பக்கம். கரையில இருந்து 300 மீட்டர் வரைக்கும் கரையோர வலயம், அதுக்குள்ள எண்டா மாநகர சபையோட மட்டும் முடியாது, கரையோரப் பாதுகாப்புத் திணைக்களத்தையும் பாக்கோணும். அந்த ஆர்க்கிடெக்ட் பென்சிலைத் தொட முதலே இதைச் சொல்லி, முழு பிளானும் கீற முதல் பிரிலிமினரி பிளானிங் கிளியரன்ஸ் எண்டு ஒண்டைப் போடச் சொன்னவர். இந்தக் காணியில என்ன கட்டலாம், எவ்வளவு கட்டலாம், வேற எங்க எங்க கிளியரன்ஸ் வேணும் எண்டு சபை முதலே சொல்லிப்போடும், வெறும் எட்டு பேர்ச் வீட்டுக்கு ஆரும் அதைப் பெரிசா எடுக்கிறேல்ல, கடல் பக்கம், வாய்க்கால் பக்கம், பள்ளக் காணி எண்டா கட்டாயம் எடுங்கோ எண்டுதான் நான் சொல்லுவன். மூண்டாம் மாடி போடுற யோசினை இருந்தாலும் ஆர்க்கிடெக்ட்தான்.

இனி கொன்ட்ரக்டர். "எல்லாம் நாங்களே பாத்துக்கொள்ளுவம் அண்ணே, நீங்கள் சாவியை மட்டும் வாங்குங்கோ" எண்ட டயலொக். சித்தப்பா லண்டனில, இஞ்ச வந்து நிக்கேலாது, அவருக்கு இதைவிட்டா வேற வழியும் இருக்கேல்ல. அற்றோணி தத்துவம், அதாவது தனக்குப் பதிலாக் கையெழுத்துப் போடுற அதிகாரம், எழுதிக் குடுத்து, பிளான், எஞ்சினியர், சபை அலைச்சல், கட்டுறது எல்லாத்துக்கும் சேத்து ஸ்குயார் ஃபீட்டுக்கு இவ்வளவு எண்டு ஒரே விலை. பெர்மிட் கெதியா வந்ததும் உண்மை, நாலு வழியிலயும் முதல் வந்தது அதுதான். பிறகு 2022. சீமெந்து, கம்பி எல்லாம் விலை ஏறி, கிடைக்கிறதே பாடாப்போன நேரம், ஆள் மேல் சிலாப்போட நிப்பாட்டிப்போட்டு போன் எடுக்கிறேல்ல. பெர்மிட் ஒரு வருசத்துக்குத்தான், முடிய முதல் நீட்டிக்கலாம், ஆனா ஒரிஜினல் பேப்பர் முழுக்க அவரிட்ட, சித்தப்பாவிட்ட வட்ஸ்அப்பில வந்த ஒரு போட்டோ மட்டும். திகதி போயிட்டுது. அதைவிடப் பெரிய கூத்து, பிளானில கார் நிப்பாட்ட எண்டு காட்டின இடத்தில ஆள் ஒரு அறை எழுப்பி வச்சிருக்கிறார், சித்தப்பா கேட்டவராம், அவரும் சரி எண்டு கட்டினவராம். பாஸ் பண்ணினதுக்கு மாறாக் கட்டினா சபை நோட்டீஸ் அடிக்கலாம், 28 ஏ பிரிவில மஜிஸ்திரேட் கோட்டுக்குப் போய் இடிக்க ஓடரும் எடுக்கலாம், பக்கத்து வீட்டுக்காரர் ஒரு பெட்டிசம் போட்டாலே அது தொடங்கும். கவரிங் அப்ரூவல், அதாவது கட்டின பிறகு எடுக்கிற அனுமதி, எடுக்கலாம் எண்டு லேசா சொல்லுவினம், அதுக்குக் கட்டுற ஃபீஸ் வேற, கட்டினது விதிமுறைக்குள்ள நிக்காட்டி காசு கட்டியும் சரிவராது.

நாங்களே அலையிறது எண்டது பெரியண்ணா செய்தது, பென்சன் எடுத்த ஆள், நேரம் இருக்கு, சிங்களம் நல்லாக் கதைப்பார். முழுக்க முழுக்க நாங்களே எண்டு ஒண்டு கிடையாது, தகுதியான ஆளின்ர கையெழுத்து இல்லாம பிளானை எடுக்கவே மாட்டினம். ஃபோர்ம் நிரப்புறது, ஃபைலுக்குப் பின்னால போறது, சபையின்ர டி.ஓ, அதாவது டெக்னிக்கல் ஒஃபிசர், காணி பாக்க வாற நாளில நிக்கிறது, அவ்வளவுதான் எங்கட கையில. மிச்சம் பிடிக்கிற காசும் பெரிசா இல்ல. ஆனா ஃபைல் எங்க நிக்குது எண்டு நாலு பேரிலயும் சரியாத் தெரிஞ்ச ஒரே ஆள் அவர்தான்.

இவ்வளவும் ஒப்பிட்டுப் பாத்தாலும், நாலு வழியிலயும் நாள் இழுபட்டது படத்தால குறைவு, காணியாலதான் கூட. காணி உறுதி செத்துப்போன அப்பான்ர பேரில, சபைக்குக் கட்டுற சோலைவரி இன்னும் பாட்டன்ர பேரில, ஒரு பங்கு கனடாவில, இப்பிடி இருந்தா எந்த ஆர்க்கிடெக்டும் ஒண்டும் செய்யேலாது. வரி பாக்கி இருந்தா, காணி சபைக்குச் சொந்தமாகேல்ல எண்டு காட்டுற நொன் வெஸ்டிங் சேர்ட்டிபிகேட்டும் வராது. அதைவிட ஸ்ட்ரீட் லைன். ஒழுங்கை இப்ப பன்னிரண்டு அடி, சபையின்ர கணக்கில அது அகலமாகப் போற ஒழுங்கை எண்டா அந்தக் கோட்டுக்கு முன்னால கட்டேலாது. என்ர காணியையே எடுங்கோ, முகப்பு முப்பது அடி, கோடு அஞ்சு அடி உள்ளுக்க வந்தா 150 சதுர அடி போச்சு, பின்பக்கம் ஏழரை அடி விட்டா இன்னும் 225, பேர்ச்சுக்கு 272 சதுர அடி எண்டு பாத்தா ஒண்டேகால் பேர்ச்சுக்கும் கூடின இடத்தில ஒரு கல்லும் வைக்கேலாது. வெள்ளவத்தையில ஒரு பேர்ச் என்ன விலை எண்டு உங்களுக்கே தெரியும். பல்கனி திரும்பி வந்த நேரம்தான் நான் இந்தக் கணக்கையே போட்டுப் பாத்தது. ஸ்ட்ரீட் லைன் சேர்ட்டிபிகேட் எடுக்க டிராஃப்ட்ஸ்மனும் வேண்டாம், ஆர்க்கிடெக்டும் வேண்டாம், சேர்வே பிளானோட நீங்களே போகலாம்.

என்னைக் கேட்டா, சாதாரண ரெண்டு மாடி, காணியில சிக்கல் இல்ல எண்டா டிராஃப்ட்ஸ்மன், சீ.ஓ.சீ எடுத்த பிறகுதான் கடைசிப் பங்கு காசு எண்டு முதல் நாளே எழுதி வாங்குங்கோ. கடல், வாய்க்கால், மூண்டு மாடி எண்டா ஆர்க்கிடெக்ட், மாமி என்ன சொன்னாலும். கொன்ட்ரக்டரிட்டக் கட்டுறதைக் குடுங்கோ, பெர்மிட்டைக் குடுக்காதைங்கோ, வெளிநாட்டில இருக்கிற ஆக்கள் எண்டா பேப்பர்களை வச்சிருக்க இஞ்ச சொந்தத்தில ஒருத்தரைப் பிடியுங்கோ.

சித்தப்பா போன மாசம் போன் எடுத்தவர், வீட்டை வாங்க ஆள் வந்திருக்காம், சீ.ஓ.சீ கேக்கினமாம், அந்தக் கார் அறையை இடிச்சா எவ்வளவு முடியும் எண்டு பெரியண்ணாவிட்ட ஒருக்காக் கேட்டுச் சொல்லட்டாம்.