கதவு பீடிங்கை மாற்றச் சொல்கிறார்களா? முதலில் டோர் பேடைக் கழற்றச் சொல்லுங்கள்

பழைய காருக்குள் கதவோரமாக மழைநீர் வருகிறது என்று சொன்ன மாத்திரத்தில், அது எந்த வழியாக வருகிறது என்று குனிந்துகூடப் பார்க்காமல், நான்கு கதவுகளுக்கும் பீடிங் (கதவு வாசலைச் சுற்றி மழைநீரைத் தடுக்கும் ரப்பர்) மாற்ற வேண்டும் என்று விலை சொல்லும் கடைகள் வேலூரில் இருக்கின்றன. அப்படிப்பட்ட ஒரு கடையில் எங்கள் 2004ஆம் ஆண்டு மாருதி ஜென் பட்ட பாட்டை, அதே வேலைக்காக வண்டியை விடப்போகிறவர்களுக்காக எழுதுகிறேன். விவகாரம் புகாராகியிருப்பதால் கடையின் பெயரைச் சொல்லவில்லை. பெயரைவிட அவர்கள் வேலை செய்த விதம்தான் தெரிய வேண்டியது. அந்த விதம் ஒரு கடையோடு நிற்பதாக எனக்குத் தோன்றவில்லை.

ஐப்பசி மழையில் நின்ற வண்டியில் ஓட்டுநர் பக்கத்துக் கால்மிதியைத் தூக்கியபோது அடியில் இருந்த கம்பளம் முழுவதும் ஊறிப்போயிருந்தது. வேலூர் வெயிலில் ஆண்டுக்கணக்கில் நிற்கும் வண்டியின் ரப்பர் இறுகி வெடித்துப்போவது ஊரறிந்த விஷயம். ஆகவே, "இருபது வருஷ வண்டி சார், ரப்பர் எல்லாம் செத்துப் போயிருக்கும், செட்டா மாத்திடுங்க" என்று கடைக்காரர் சொன்னதில் சந்தேகப்பட ஏதுமில்லை. தண்ணீர் ஊற்றிப் பார்க்கலாமா என்று கேட்டதற்கு, அதற்கெல்லாம் அவசியமே இல்லை, பார்த்தாலே தெரிகிறது என்றார். பொருளும் கூலியுமாக 6,400 ரூபாய் வாங்கிக்கொண்டு, 'எஸ்டிமேட்' என்று தலைப்பிட்ட ஒரு துண்டுச் சீட்டில் தொகையை மட்டும் எழுதிக் கொடுத்தார்கள். ஜிஎஸ்டி எண் உள்ள பில் கேட்டபோது, பில் போட்டால் 18 சதவீதம் சேரும் என்று சொல்லிப் பேச்சை முடித்துவிட்டார்கள். கழற்றிய பழைய பீடிங்கையும் கண்ணில் காட்டவில்லை.

பெரும்பாலான கார்களில் கதவு வாசலின் தகர விளிம்பைக் கவ்வி நிற்கும் பீடிங்குக்குள் மெல்லிய உலோகப் பட்டை ஒன்று இருக்கும்; பசை எதுவும் இல்லாமலே அது விளிம்பைப் பிடித்துக்கொள்வது அந்தப் பட்டையால்தான். எங்கள் வண்டிக்குப் போட்டதோ, மீட்டர் கணக்கில் விற்கும், உள்ளே பட்டையே இல்லாத வெறும் ரப்பர். பழைய அழுக்கைக்கூடத் துடைக்காமல் அதன் மீதே சொல்யூஷன் தடவி ஒட்டியிருந்தார்கள். ஒட்டும்போது இழுத்து ஒட்டியதால், சில நாளில் ரப்பர் தன் அளவுக்குச் சுருங்கி, இரண்டு முனைகளுக்கும் நடுவே விரல் நுனி நுழையும் இடைவெளி விழுந்துவிட்டது. அந்த இணைப்பையாவது கீழ்ப்படியில் வைத்திருக்கலாம். மழை நேராக விழும் மேல் விளிம்பில் வைத்திருந்தார்கள்.

ரப்பர் தடிமனாக இருந்ததால் கதவு ஓங்கி அறைந்தால்தான் சாத்தியது. அதைச் சொன்னவுடன், வாசல் தூணில் உள்ள ஸ்ட்ரைக்கரை, அதாவது கதவின் பூட்டு கவ்விக்கொள்ளும் இரும்பு வளையத்தை, தளர்த்தி வெளிப்பக்கமாகத் தள்ளிக் கொடுத்துவிட்டார்கள். கதவு இலகுவாகச் சாத்தியது உண்மைதான். ஆனால் பின்கதவின் மட்டத்தை விட்டு வெளியே துருத்திக்கொண்டு நின்றது. மெதுவாகச் சாத்தினால் பூட்டு முதல் பல்லிலேயே நின்றுவிடும். பள்ளிகொண்டா பக்கம் நெடுஞ்சாலையில் போகும்போது அரைப்பூட்டில் இருக்கும் கதவு திறந்துகொண்டால் என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. இந்த ஒரு காரணத்துக்காகவே அந்தக் கடையை என்னால் மன்னிக்க முடியவில்லை. தண்ணீர் ஒழுகுவது தொல்லைதான், இது ஆபத்து.

அடுத்த மழையில் கம்பளம் முன்பைவிட அதிகமாக நனைந்தது. மறுபடி போனபோது, "அப்போ சிலிகான் அடிச்சிடலாம்" என்று, கதவின் விளிம்புகளைச் சுற்றிலும், கீழ்ப்பக்கம் உட்பட, ஒரு டியூப் முழுவதையும் பிதுக்கித் தேய்த்துவிட்டார்கள். அது காயும்போது வண்டிக்குள் வினிகர் வாடை அடித்தது. அந்த வாடை வரும் சிலிகான் காயும்போது அசிட்டிக் அமிலத்தை வெளியிடும் வகை. பெயிண்ட் உரிந்த தகரத்தின் மேல் பட்டால் அது துருவை வரவழைக்கும். குளியலறைக் கண்ணாடிக்கும் ஓடுகளுக்கும் பொருந்துவதைக் கார் தகரத்தில் தடவக்கூடாது என்பது அந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியாமல் இருக்க முடியாது.

உண்மையான காரணத்தைக் கண்டுபிடித்தவர் மேல்விஷாரத்தைச் சேர்ந்த வயதான டிங்கர் ஒருவர். கதவைத் திறந்து ஒரு முறை ஆட்டிப் பார்த்தார். உள்ளே தண்ணீர் அலம்பும் சத்தம் தெளிவாகக் கேட்டது. "பீடிங்கைப் பத்தி அப்புறம் பேசலாம் தம்பி, கதவே நிறைஞ்சிருக்கு" என்றார். கண்ணாடி ஏற்றும் கைப்பிடிக்குப் பின்னால் ஒரு துணிக் கிழிசலைச் செருகி இப்படியும் அப்படியும் இழுத்தார். உள்ளே கவ்வியிருந்த கிளிப் துணியில் மாட்டிக்கொண்டு வெளியே வந்தது, கைப்பிடி தானாகக் கழன்றது. கதவின் உட்பக்கத்தை மூடியிருக்கும் டோர் பேடின் திருகுகளை எடுத்துப் பிரித்தபோது, அதற்குப் பின்னால் இருக்க வேண்டிய பிளாஸ்டிக் தாள் பாதிக்கு மேல் கிழிந்து தொங்கியது. எப்போதோ ஸ்பீக்கர் மாட்டியவர்கள் கிழித்தது போலும்.

கார்க் கதவின் அமைப்பு தெரிந்தால் இதில் புதிர் எதுவும் இல்லை. கண்ணாடியின் மேல் விழும் மழைநீரில் ஒரு பகுதி, கண்ணாடி இறங்கும் பிளவு வழியாகக் கதவின் கூட்டுக்குள் எப்போதும் போகத்தான் செய்யும்; புத்தம் புதிய வண்டியிலும் போகும். அது கீழே வடிந்து, கதவின் அடி விளிம்பில் உள்ள சிறு துளைகள் வழியாக வெளியேற வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. உள்ளே தெறிக்கும் தண்ணீர் டோர் பேடைத் தாண்டி வராமல் அந்தத் தாள் தடுக்கிறது. அதன் கீழ் ஓரம் கதவுக் கூட்டுக்குள் மடிந்து செருகப்பட்டிருக்க வேண்டும். அப்போதுதான் வழியும் நீர் கூட்டுக்குள்ளேயே சொட்டும். எங்கள் வண்டியில் தாள் கிழிந்திருந்ததால் தொடக்கத்தில் ஓரளவு கசிந்தது. கீழ்த்துளைகளைச் சிலிகானால் அடைத்த பிறகு தண்ணீருக்குப் போக வேறு வழியில்லாமல் கதவுக்குள் தேங்கி, முழுவதும் கம்பளத்தில் இறங்கியது. ஆறாயிரத்துச் சொச்சம் ரூபாய் கொடுத்து நாங்கள் வாங்கியது இந்த அடைப்பைத்தான்.

அந்த டிங்கர் பாய் ஒரு சைக்கிள் ஸ்போக்ஸால் துளைகளைக் குத்தினார். முதலில் சிலிகான் தோல் சுருண்டு வந்தது, பின்னால் வேப்பஞ்சருகும் சேறும் கலந்த தண்ணீர் தரையில் கொட்டியது. தடிமனான பாலிதீன் தாளை அளவெடுத்து வெட்டி, பியூட்டைல் டேப் என்னும் பிசுபிசுப்பான ரப்பர் நாடாவால் ஒட்டி, கீழ் ஓரத்தை உள்ளே செருகினார். ஸ்ட்ரைக்கரைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்தார். சிலிகானைச் சுரண்டி எடுத்த இடத்தில் துரு பொரிந்திருந்ததைத் தேய்த்து பிரைமர் அடித்தார். அந்த மீட்டர் ரப்பரைக் கழற்றிவிட்டு, ஓட்டுநர் கதவுக்கு மட்டும் பட்டையுள்ள சரியான பீடிங் வாங்கி வரச் சொன்னார். மற்ற மூன்று கதவுகளில் இருந்து கழற்றி எறியப்பட்ட பழைய பீடிங்குகள் இன்னும் சில வருடங்கள் உழைத்திருக்கக்கூடியவை என்பது அவர் கருத்து. அவற்றையும் இப்போது காசு கொடுத்துத்தான் வாங்கியாக வேண்டும்.

பீடிங் உண்மையிலேயே போய்விட்டதா என்று வீட்டு வாசலிலேயே பார்த்துக்கொள்ளலாம். ஒரு பத்து ரூபாய்த் தாளைக் கதவுக்கும் வாசலுக்கும் நடுவே வைத்துச் சாத்திவிட்டு இழுத்துப் பாருங்கள்; பிடிமானம் இருந்தால் அந்த இடத்தில் பீடிங் ஒழுங்காக அழுந்துகிறது. தாள் வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஒருவர் டார்ச்சுடன் உள்ளே உட்கார, இன்னொருவர் குழாய்த் தண்ணீரைக் கீழிருந்து மேலாகச் சிறிது சிறிதாக நகர்த்த வேண்டும். மேலிருந்து தொடங்கினால் எல்லா இடமும் ஒன்றாக நனைந்து எதுவும் புரியாது. கதவோரம் உலர்ந்திருந்தும் தரை நனைகிறது என்றால் முன் கண்ணாடிக்கு அடியில் உள்ள வடிகாலையோ, ஏசி தண்ணீர்க் குழாயையோ பார்க்க வேண்டும். இவற்றில் எதையும் செய்யாமல் விலை சொல்லும் கடையில் வண்டியின் சாவியைக் கொடுக்காதீர்கள்.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது கடைக்காரர், "பில் இருக்கா சார்?" என்று கேட்டார். பில் கொடுக்க மறுத்தவரே அதைக் கேட்டதுதான் எனக்கு ஆத்திரமூட்டியது. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், விற்ற பொருளுக்கும் செய்த சேவைக்கும் பில் தராததையே நேர்மையற்ற வணிக நடைமுறைகளுள் ஒன்றாகச் சேர்த்திருக்கிறது. இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் செய்யலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குகளுக்குக் கட்டணம் இல்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. பணத்தை யுபிஐ மூலம் அனுப்பியிருந்ததால் அந்தப் பதிவையும், துண்டுச் சீட்டையும், சிலிகான் அடைத்த துளைகளைக் குத்துவதற்கு முன் எடுத்த படங்களையும் வேலூர் மாவட்ட ஆணையத்துக்கான புகாருடன் இணைத்திருக்கிறேன்.

இதுபோல் கதவுகளுக்குச் சிலிகான் அடித்து வாங்கி வந்தவர்கள் யாராவது இருந்தால், அடுத்த மழைக்கு முன் கதவைத் திறந்து அதன் அடி விளிம்பை விரலால் தடவிப் பாருங்கள். துளைகள் தட்டுப்படவில்லை என்றால், முடிந்தால் முதலில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டு, பிறகு ஒரு கம்பியால் குத்தித் திறந்துவிடுங்கள்.