விண்வெளியிலிருந்து நம் சாலைப்புகை: ஒரு கைப்பேசிச் செயலி

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் முதலாம் கூட்டரசுச் சாலையோரம் கடை வைத்திருக்கும் எனக்கு, காலையில் துடைத்த கண்ணாடி அலமாரியில் மதியத்துக்குள் கரும்படலம் படிவது பழகிப்போன ஒன்று. ஆகவே, செயற்கைக்கோள் தரவைக் கொண்டு வாகனப் புகையைக் காட்டும் செயலி ஒன்றுக்கு ஒரு மாதச் சந்தா கட்டினேன்.

வரைபடம் அழகுதான். 2017 அக்டோபரில் ஏவப்பட்ட சென்டினல்-5பி செயற்கைக்கோளின் ட்ரோபோமி கருவி, பூமியில் பட்டுத் திரும்பும் சூரிய ஒளியில் எந்த அலைநீளங்கள் குறைந்திருக்கின்றன என்று பார்த்து நைட்ரஜன் டையாக்சைடைக் கணிக்கிறது. டீசல் எஞ்சின்கள் கக்கும் வாயு அது என்பதால், கோலாலம்பூரைச் சுற்றியுள்ள கிள்ளான் பள்ளத்தாக்கு செக்கச் சிவந்தும் செம்பனைத் தோட்டங்கள் வெளிறியும் தெரிகின்றன.

ஆனால் "உங்கள் தெருவின் காற்று" என்று விளம்பரப்படுத்துவது அநியாயம். வரைபடத்தின் ஒரு கட்டம் ஏறத்தாழ 5.5க்கு 3.5 கிலோமீட்டர், எங்கள் கடைத்தெரு முழுவதும் அதற்குள் அடங்கிவிடும். செயற்கைக்கோள் கடப்பதோ பிற்பகல் ஒன்றரை மணியளவில். காலை ஏழு மணிக்குப் பள்ளிப் பேருந்துகளும் செம்பனைக் குலை ஏற்றிய லோரிகளும் நெருக்கியடிக்கும் நேரம் அதில் பதிவாவதே இல்லை. மேகம் கவிந்தால் அந்த ஒரு அளவும் கிட்டாது. அப்போது செயலி முந்தைய நாளின் எண்ணையே, தேதி கூடக் குறிப்பிடாமல், புதியதுபோல் காட்டியதுதான் எனக்குப் பெரிய மனக்குறை. 2020இல் தென் கொரியா ஏவிய ஜெம்ஸ் கருவி பகலில் மணிக்கொரு முறை ஆசியாவை அளக்கிறது, அதைச் சேர்த்திருக்கலாம்.

சென்டினல் தரவை ஐரோப்பாவின் கோப்பர்நிக்கஸ் இணையத்தளம் இலவசமாகவே தருவதால், சந்தாவை நான் புதுப்பிக்கவில்லை.