அரசுக் கடன் பத்திரம்: வாங்கி, முதிர்ந்து, பணத்தை எடுத்த அனுபவம்

2015 நவம்பரில் மத்திய அரசு முதல்முறையாகத் தங்கப் பத்திரம் (தங்க விலையோடு சேர்ந்து மதிப்பு மாறும் அரசுப் பத்திரம்) வெளியிட்டபோது அம்மா 10 கிராம் வாங்கினார். கிராம் 2,684 ரூபாய். மொத்தம் 26,840 ரூபாய்க்குக் காசோலை எழுதிக் கொடுத்து, வங்கியில் தந்த சான்றிதழைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, பீரோவில் பட்டுப் புடவைகளுக்கு அடியில் வைத்துவிட்டார். எட்டு வருஷம் ஓடிப் போனது. 2023 நவம்பர் 30 அன்று அது முதிர்ந்தது, ரிசர்வ் வங்கி அறிவித்த விலை கிராமுக்கு 6,132 ரூபாய், ஆக 61,320 ரூபாய் வர வேண்டும். காலையிலிருந்தே அம்மா போனை எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்று வரவில்லை. மறுநாளும் வரவில்லை.

என்ன ஆனது என்று கண்டுபிடிக்கவே எங்களுக்கு ஒரு வாரம் பிடித்தது. இடையில் அந்த வங்கி இன்னொரு வங்கியோடு இணைந்துவிட்டது. கணக்கு எண் மாறியது, ஐஎஃப்எஸ்சி எண் மாறியது, பாஸ்புக்கும் செக்புக்கும் புதிதாக வந்தன. தங்கப் பத்திரத்தில் பதிவாகியிருந்த பழைய கணக்கு எண்ணை மட்டும் யாரும் மாற்றவில்லை, மாற்ற வேண்டும் என்று எங்களுக்கும் தோன்றவில்லை. பாஸ்புக்கைப் புரட்டிப் பார்த்தால் 2021 நவம்பரிலிருந்தே வட்டி வரவு இல்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை 369 ரூபாய், அது வந்ததா இல்லையா என்று யார் உட்கார்ந்து பார்க்கிறார்கள்? ஐந்து தவணை அப்படியே நின்றுபோயிருந்தது.

கிளையில் கவுண்டரில் இருந்தவர், "இது ரிசர்வ் வங்கி சம்பந்தப்பட்டதும்மா, எங்க கையில ஒண்ணும் இல்ல" என்று சொல்லி அனுப்பிவிட்டார். அது தவறு. விண்ணப்பத்தை வாங்கிக்கொண்ட வங்கியோ அஞ்சலகமோதான் கடைசிவரை அந்தப் பத்திரத்துக்கான வேலையைப் பார்க்க வேண்டும், கணக்கு மாற்றம், முகவரி மாற்றம் எல்லாம் அவர்கள் வழியாகத்தான். இதைத் தெரிந்துகொண்டு மூன்றாவது முறை போனபோது சான்றிதழ் நகல், புதிய பாஸ்புக்கின் முதல் பக்கம், ரத்து செய்த காசோலை ஒன்று, எல்லாவற்றுக்கும் மேலே ஒரு கடிதம் என்று கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் போட்டு வாங்கிக்கொண்டு வந்தோம். டிசம்பர் மூன்றாவது வாரம் 61,320 ரூபாயும் நின்றுபோன வட்டி 1,845 ரூபாயும் வந்து சேர்ந்தன. தாமதமான நாட்களுக்கு எதுவும் சேர்த்துத் தரவில்லை.

பத்திரத்தைக் குறை சொல்ல எனக்கு எதுவும் இல்லை. போட்ட பணம் இரண்டு மடங்குக்கு மேல் ஆகியிருக்கிறது, வருஷத்துக்கு 2.75 சதவீத வட்டி தனி, முதிர்வில் கிடைத்த ஆதாயத்துக்கு அம்மா ஒரு ரூபாய் வரி கட்டவில்லை. செய்கூலி, சேதாரம், லாக்கர் வாடகை எதுவும் இல்லை. 2024 பிப்ரவரிக்குப் பிறகு அரசு புதிய தங்கப் பத்திரம் வெளியிடவில்லை என்பதில் எனக்கு உண்மையிலேயே வருத்தம்தான். ஆனால் இதையெல்லாம் பார்த்த பிறகு ஒன்று மனதில் பதிந்துவிட்டது. அரசு பாண்டு பற்றி யார் எழுதினாலும் எப்படி வாங்குவது, வட்டி எவ்வளவு என்பதோடு நிறுத்திவிடுகிறார்கள். பணம் எந்தக் கணக்குக்கு, எந்தத் தேதியில், யார் பேரில் திரும்பி வரும் என்பதைப் பற்றிப் பேச்சே இல்லை. அதனால் இந்த விமர்சனத்தை நான் அந்தப் பக்கத்திலிருந்துதான் எழுதுகிறேன்.

அம்மாவின் பணம் வந்ததும் 2024 தொடக்கத்தில் ரிசர்வ் வங்கியின் ரீடெய்ல் டைரக்ட் திட்டத்தில் என் பேரில் கணக்கு தொடங்கினேன். 2021 நவம்பர் 12 அன்று தொடங்கப்பட்ட திட்டம் இது. அதற்கு முன்பு நம்மைப் போன்றவர்கள் அரசுப் பத்திரம் வாங்க வேண்டுமென்றால் வங்கி, தரகர், மியூச்சுவல் ஃபண்ட் என்று யாராவது ஒருவர் வழியாகத்தான் போக வேண்டும். இங்கே நேரடி. பான், ஆதார் போல ஒரு முகவரிச் சான்று, மின்னஞ்சல், செல்போன் எண், ஒரு சேமிப்புக் கணக்கு இருந்தால் போதும். கணக்கு தொடங்கவும் கட்டணம் இல்லை, வைத்திருக்கவும் கட்டணம் இல்லை. பங்குகளுக்கு வேண்டிய டீமேட் கணக்கு தேவையில்லை, பத்திரங்கள் ரிசர்வ் வங்கியிடமே உங்கள் பேரில் கில்ட் கணக்கில், அதாவது அரசுப் பத்திரங்களுக்கான கணக்கில் இருக்கும். 2024 மே மாதம் செல்போன் செயலியும் வந்துவிட்டது.

முதல் தடவை உள்ளே போகிறவர்களுக்குத் திரையில் இருக்கும் சொற்கள் கொஞ்சம் பயமுறுத்தும், வங்கிக் கருவூலத்தில் வேலை பார்க்கிறவர்களுக்காக எழுதியது போல இருக்கும். பயப்பட வேண்டாம். நாம் பங்கெடுப்பது போட்டியில்லா ஏலம். பெரிய வங்கிகளும் காப்பீட்டு நிறுவனங்களும் விலை கேட்டுப் போட்டி போடுவார்கள், அதில் முடிவாகும் சராசரி விலையே நமக்கும். எவ்வளவு வேண்டும் என்று மட்டும் சொன்னால் போதும், குறைந்தது 10,000 ரூபாய், அதன் மடங்குகளில். விலை ஏலம் முடிந்த பிறகுதான் தெரியும் என்பதால் முதலில் கொஞ்சம் கூடுதலாக வாங்கிக்கொண்டு மீதியைத் திருப்பி அனுப்புவார்கள். பணம் யுபிஐ வழியாகவும் கட்டலாம், நெட் பேங்கிங்கிலும் கட்டலாம்.

நான் முதலில் எடுத்தது 364 நாள் ட்ரெஷரி பில். டி-பில் என்பார்கள். இதற்கு வட்டி என்று தனியாக எதுவும் கிடையாது. 100 ரூபாய் முகமதிப்பைக் குறைந்த விலைக்கு விற்பார்கள், முடிவில் முழு 100 ரூபாய் தருவார்கள், அந்த வித்தியாசம்தான் நம் லாபம். 91 நாள், 182 நாள், 364 நாள் என மூன்று வகை இருக்கிறது. எல்லாம் சரியாக 13, 26, 52 வாரங்கள். பெரும்பாலும் புதன்கிழமை ஏலம், வியாழக்கிழமை பத்திரம் நம் கணக்கில், முதிர்வதும் வியாழக்கிழமையே. 2024 ஜூனில் 100க்கு ஏறக்குறைய 93 ரூபாய் 50 காசு என்ற விலையில் 50,000 முகமதிப்புக்கு வாங்கினேன், சுமார் 46,750 ரூபாய் ஆனது. கிட்டத்தட்ட 7 சதவீதம் வந்தது. சின்ன எச்சரிக்கை ஒன்று, புதன்கிழமை ஏலம் என்றால் நமக்கான கதவு அதற்கு முன்பே மூடிவிடும், திங்கள், செவ்வாயிலேயே ஆர்டர் போட்டுவிடுங்கள்.

அப்புறம் ஒரு வருஷம் நான் அதைத் தொடவே இல்லை. 2025 ஜூனில் அந்த வியாழக்கிழமை 50,000 ரூபாய் என் சேமிப்புக் கணக்கில் வந்து விழுந்தது. படிவம் நிரப்பவில்லை, கிளைக்குப் போகவில்லை, யாரிடமும் கேட்கவில்லை. அம்மாவின் பத்திரத்துக்காக அலைந்த அலைச்சலுக்குப் பிறகு அந்த எஸ்எம்எஸ்ஸைப் பார்த்தபோது எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்று சொல்லி முடியாது. அவசரத்துக்கு ஒதுக்கி வைக்கும் பணத்தில் ஒரு பகுதியைப் போட இதைவிட நல்ல இடம் நான் பார்க்கவில்லை. வங்கி எஃப்.டி.க்கு 5 லட்சம் வரைதான் காப்பீடு, இதற்கு அரசே பொறுப்பு. பத்துக்கு ஒன்பது மதிப்பெண் கொடுப்பேன்.

அந்த ஒரு மதிப்பெண்ணை ஏன் குறைத்தேன் என்றால், வந்த பணத்தைத் திரும்பப் போடும்போதுதான் விஷயம் புரிந்தது. அந்த வருஷம் பிப்ரவரியிலிருந்து ஜூனுக்குள் ரிசர்வ் வங்கி ரெப்போ விகிதத்தை, அதாவது வங்கிகளுக்குத் தான் கடன் கொடுக்கும் வட்டியை, 6.5 சதவீதத்திலிருந்து 5.5க்குக் குறைத்திருந்தது. முன்பு 46,750க்குக் கிடைத்த அதே 50,000 ரூபாய் பத்திரத்துக்கு இப்போது 47,400 அளவுக்குக் கொடுக்க வேண்டியிருந்தது. அதாவது என் லாபம் 3,250லிருந்து 2,600க்கு இறங்கிவிட்டது. குறுகிய காலப் பத்திரத்தில் அசலுக்கு ஆபத்து இல்லை, அடுத்த வருஷ வருமானத்துக்குத்தான் உத்தரவாதம் இல்லை.

இதற்கு நேர் எதிர்ப்பக்கம் நீண்ட காலப் பத்திரம். 2024 ஏப்ரலில் 10 வருஷப் பத்திரம் ஒன்று வந்தது, 7.10 சதவீதம், 2034 ஏப்ரல் 8 அன்று முதிர்வு. பெயரிலேயே வட்டியும் முதிர்வு வருஷமும் இருக்கும், வட்டி மாறாத அரசுப் பத்திரங்களுக்கு அப்படித்தான் பெயர் வைக்கிறார்கள். அதில் 1 லட்சம் போட்டேன். ஒவ்வொரு ஏப்ரல் 8க்கும் அக்டோபர் 8க்கும் 3,550 ரூபாய் வருகிறது. நாட்டில் வட்டி குறைந்தாலும் இது குறையாது, 2034 வரை இதேதான். ரெப்போ குறைந்தபோது சந்தையில் இதன் விலை 100ஐத் தாண்டி ஏறவும் செய்தது. மாமா ஒருவர் இதைப் பார்த்துவிட்டு, "அப்போ விலை ஏறும்போது வித்துடலாமே" என்றார். இங்கேதான் கவனம் வேண்டும்.

ஏறுவது போல இறங்கவும் செய்யும். 7 சதவீத வட்டி தரும் 10 வருஷப் பத்திரம் கையில் இருக்கும்போது சந்தை வட்டி 8 ஆகிவிட்டால், அதன் விலை 100லிருந்து 93 பக்கம் வந்துவிடும். கடைசிவரை வைத்திருந்தால் முழு 100 கிடைக்கும், இடையில் விற்றால்தான் நஷ்டம். விற்பதும் எஃப்.டி.யை உடைப்பது போல அல்ல. எஃப்.டி. என்றால் வங்கி எடுத்துக்கொண்டுதான் ஆக வேண்டும். இங்கே நடுவில் நாம் கேட்டதும் அரசு திரும்ப வாங்காது, எதிர்ப்பக்கம் வாங்க ஒருவர் இருக்க வேண்டும். ரீடெய்ல் டைரக்டில் பத்திரங்களை இடையில் வாங்கி விற்கும் இரண்டாம் நிலைச் சந்தை இருக்கத்தான் செய்கிறது, ஆனால் அந்தச் சந்தை கோடிக்கணக்கில் பரிமாறிக்கொள்ளும் வங்கிகளுக்காக உருவானது. நம்முடைய ஒரு லட்சத்துக்கு, அதுவும் பழைய பத்திரம் என்றால், நியாயமான விலைக்கு ஆள் கிடைப்பது சுலபம் இல்லை. அதனால் மகள் கல்யாணத்துக்கு மூன்று வருஷத்தில் வேண்டிய பணத்தைப் பத்து வருஷப் பத்திரத்தில் போடாதீர்கள். வேண்டிய வருஷத்தில் முதிரும் பத்திரமாகப் பார்த்து எடுங்கள். மாநில அரசுகளின் பத்திரங்களிலும் பல கால அளவு கிடைக்கும், பொதுவாக மத்திய அரசுப் பத்திரத்தைவிடக் கொஞ்சம் வட்டி கூடுதல், ஏலம் செவ்வாய்க்கிழமை.

அம்மாவுக்கு என்ன செய்தோம் என்று கேட்பீர்கள். தங்கப் பத்திரத்தில் வந்த பணத்தோடு இன்னும் கொஞ்சம் சேர்த்து 1 லட்சம் ரூபாயை ரிசர்வ் வங்கியின் மிதவை வட்டிச் சேமிப்புப் பத்திரத்தில் போட்டோம். 7 வருஷம். தேசிய சேமிப்புப் பத்திரத்தின் வட்டியைவிட 0.35 சதவீதம் அதிகம் என்பது இதன் கணக்கு, ஜனவரி 1, ஜூலை 1 என்று ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றியமைப்பார்கள். நாங்கள் போட்டபோது 8.05 சதவீதம், முழு அரையாண்டுக்கு 4,025 ரூபாய். வட்டியைச் சேர்த்து வைத்து மொத்தமாக வாங்கும் வழி இல்லை, கையில் வந்துகொண்டே இருக்கும். அம்மாவுக்கு அதுதான் வேண்டும்.

ஆனால் இதை யாருக்கும் கொடுக்கவும் முடியாது, விற்கவும் முடியாது, அடகு வைத்துக் கடன் வாங்கவும் முடியாது. 60 வயதுக்குக் கீழே இருந்தால் ஏழு வருஷம் முடியும்வரை எடுக்கவே முடியாது. 60லிருந்து 70க்குள் இருப்பவர்கள் 6 வருஷம், 70லிருந்து 80க்குள் 5 வருஷம், 80க்கு மேல் 4 வருஷம் கழித்து எடுக்கலாம், அப்படி எடுத்தால் கடைசி ஆறு மாத வட்டியில் பாதியைப் பிடித்துக்கொள்வார்கள். வட்டியில் டிடிஎஸ், அதாவது முன்கூட்டியே வரிப் பிடித்தம் உண்டு. சாதாரண அரசுப் பத்திர வட்டிக்கும் டி-பில்லுக்கும் நம்மைப் போல இந்தியாவில் இருப்பவர்களுக்கு டிடிஎஸ் பிடிக்க மாட்டார்கள், ஆனால் வரி கிடையாது என்று நினைத்துவிடாதீர்கள், நாமே கணக்கில் காட்டிக் கட்ட வேண்டும்.

இந்த முறை அம்மாவின் பத்திரத்தை வாங்கியதும் நான் செய்த முதல் வேலை, எந்த வங்கிக் கணக்கு பதிவாகியிருக்கிறது என்று ஒவ்வொரு எண்ணாகச் சரிபார்த்தது. இரண்டாவது, நாமினி. ரீடெய்ல் டைரக்ட் கணக்கில் இரண்டு பேர் வரை போடலாம், தயவுசெய்து இதைத் தள்ளிப்போடாதீர்கள். செல்போன் எண்ணோ சேமிப்புக் கணக்கோ மாறினால் அன்றைக்கே உள்ளே போய் மாற்றிவிடுங்கள். முதிர்வு நாள் விடுமுறையாக இருந்தால் அசல் முந்தைய வேலை நாளிலேயே வந்துவிடும், வட்டி மட்டும் என்றால் அடுத்த வேலை நாள், அதனால் ஒரு நாள் முன்னே பின்னே ஆனால் பதற வேண்டாம். இரண்டு நாள் தாண்டியும் வரவில்லை என்றால் சும்மா இருக்க வேண்டாம். தங்கப் பத்திரம் இன்னும் வைத்திருப்பவர்கள், சான்றிதழாக இருந்தாலும் சரி, டீமேட்டில் இருந்தாலும் சரி, கடைசி வட்டி உங்கள் கணக்குக்கு வந்ததா என்று இன்றைக்கே பாஸ்புக்கைப் பாருங்கள். அது வந்திருந்தால் அசலும் அதே வழியில் வரும்.

பட்டுப் புடவை அடுக்குக்கு அடியில் இருந்த பிளாஸ்டிக் உறை இப்போது பீரோ கதவின் உள்பக்கம் வந்துவிட்டது. அதில் ஒரே ஒரு தாள்: பத்திரத்தின் பெயர், தொகை, வட்டித் தேதி, முதிர்வுத் தேதி, கணக்கு எண்ணின் கடைசி நான்கு இலக்கம். ஜனவரி 1ம் ஜூலை 1ம் வந்தால் அம்மா மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பாஸ்புக்கோடு அதை வைத்துப் பார்த்து, வந்திருந்தால் பென்சிலால் ஒரு டிக் போடுகிறார்.